மதகடியிலேயே திரும்பியிருக்க வேண்டும்

எழுபதுகளின் தொடக்கம். பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, வரிசையில் நின்ற காலம். இலங்கை மலைநாட்டில் மாத்தளை நகரில் நடந்தது இது. நான் அப்போது பட்டணத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இதயத்தின் நான்கு அறைகளையும் கலர் சோக்கால் கரும்பலகையில் வரைந்து, இரத்தம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று அம்புக்குறி போட்டு விளக்குவதில் எனக்கு நல்ல பெயர். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள்கூட அந்தப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தெரியாமல் செய்த பிழை என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை.

என் அக்காவை இரத்தோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் அங்கே மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிறவர். பெரிய உடம்பு. சிரித்தால் அடுத்த கடைக்காரர் தன் வியாபாரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். விரலிடுக்கில் எந்நேரமும் சிகரட் இருக்கும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “மாஸ்டர்” என்பார். அதில் மரியாதை இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். “மாஸ்டர் படிச்சவர், அவருக்கு மழை வர்றது தெரியும். ஆனா குடை எடுக்கத் தெரியாது” என்று நான் நனைந்து வந்த ஒரு நாளில் சொன்னதை, பத்துப் பேர் கூடுகிற இடத்திலெல்லாம் திரும்பச் சொல்லுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் இரத்தோட்டை பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று மனசு காத்திருக்கும்.

அவர்களுக்கு ஒரே பெண். அவளுக்கு யட்டவத்தைப் பக்கம் ஓர் இடம் பொருந்தி வந்தது. நானும் மச்சானும் மட்டும் போய்ச் சம்பந்தத் தட்டத்தைக் கொடுத்து, நாளைக் குறித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் அக்காவும் மகளும் மச்சானும் மாத்தளையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நான் அப்போது கல்யாணமாகாதவன், வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். அக்கா தன் பித்தளைத் தட்டத்தைப் புளி போட்டுத் துலக்கி, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடிக் கொடுத்தாள். மச்சான் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்பிவிட்டோம்.

என் வீட்டிலிருந்து பஸ் எடுக்கப் போகிற பாதை முதலில் இறக்கம். அடியில் ஒரு மதகு, ஓடைக்கு மேல் கட்டிய சின்னப் பாலம். அதைத் தாண்டியதும் ஒரு மேடு, மேட்டின் உச்சியில் பஸ் நிற்கும் இடம். மதகுக்கு வந்ததும் மச்சான் நின்றுவிட்டார். தட்டத்தை மதகின் பக்கச்சுவரில் வைத்தார்.

“மாஸ்டர், நெஞ்சு மேல யாரோ அம்மிய தூக்கி வச்ச மாதிரி இருக்குங்க.”

பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. காலைக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை. இடது கையைத் தோளிலிருந்து தடவித் தடவி விட்டுக்கொண்டிருந்தார். தாடை வேறு வலிக்கிறது என்றார்.

“வாயுதான் மச்சான். காலையில அத்தனை வடையத் தின்னா பின்ன என்ன?”

“இல்ல, இது வேற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுத்துட்டு அடுத்த பஸ்ஸுல போவமா?”

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பொம்பளப் பிள்ள காரியமா தட்டோட கெளம்பிட்டு, பாதி வழியில திரும்பினா அந்தச் சம்பந்தமே கூடாதும்பாங்க. அக்கா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கும். நடங்க, மேட்டுல ஏறினா பஸ்ஸு.”

சகுனத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், அன்றும் பதில் தெரியாது, இன்றும் தெரியாது. அக்கா அழுவாள், மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள், ஊர் பேசும் என்ற பயம்தான் இருந்தது. கரும்பலகையில் வரைந்த படம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவே இல்லை. தட்டத்தை நான் தூக்கிக்கொண்டேன். அவர் பேசாமல் பின்னால் ஏறி வந்தார். மச்சான் பேசாமல் ஒரு மேடு ஏறியதே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அது புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போயிருக்கும். என் தோளில் பாரம் விழுந்தது. திரும்பினால் மச்சான் சாய்ந்து கிடக்கிறார். நான் போட்ட சத்தத்தில் கொண்டக்டர் ஓடிவந்து ஒரு பார்வை பார்த்தார். முன்னால் பார்த்து “இஸ்பிரிதாலேட்ட!” என்று கத்தினார். ஆஸ்பத்திரிக்கு விடு என்று அர்த்தம். டிரைவர் ஒரு சிங்கள மனிதர், ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் குறுகிய பாதையிலேயே முன்னும் பின்னுமாக எடுத்து முழு பஸ்ஸையும் திருப்பினார். உள்ளே சந்தைக்குப் போகிற மூட்டைகளோடு ஆட்கள் நெருக்கி நின்றார்கள். ஒருவர்கூட, எனக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை. ஒரு பெண் தன் சேலைத் தலைப்பால் மச்சானுக்கு விசிறிக்கொண்டே வந்தாள். முன்பின் தெரியாத அத்தனை பேரும் ஒரு மனிதனுக்காகத் திரும்பி வந்தார்கள். கூடப் பழகிய நான்தான் திரும்பாதவன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர், “வலி எப்போது தொடங்கியது?” என்று கேட்டார். “பஸ்ஸில் ஏறிய பிறகு” என்றேன். அது பொய். பக்கத்தில், செய்தி கேட்டு ஓடிவந்த அக்கா மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் உண்மை வாயில் வரவில்லை.

மாரடைப்பு என்றார்கள். மச்சான் பிழைத்துக்கொண்டார். கண்டிக்கு அனுப்பி ஈ.சி.ஜி. படம் எடுத்துப் பார்த்து, மறுபடி மாத்தளைக்குக் கொண்டுவந்து, கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி, முழுதாக ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், படுக்கை, தானாகப் புரண்டுகூடப் படுக்கக் கூடாது என்று பெரிய டொக்டர் சொல்லியிருந்தார். இரத்தோட்டைக்கு எதற்கு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அக்காவும் மகளும் கூடவே வந்துவிட்டார்கள். மச்சானுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று முன்னறையில் நடுவாகக் கட்டிலைப் போட்டேன்.

ஆறு கிழமை முடிந்தது. பெரிய டொக்டர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். இனி எழும்பலாம் என்று சொல்ல ஆள் இல்லை. வேறு டொக்டரிடம் போய்க் கேட்க எனக்கும் தைரியம் இல்லை. நான்தான் இவரை நடக்க வைத்தேன், நடந்ததால்தான் விழுந்தார், இனி இவர் பாதம் தரையில் படவே விடமாட்டேன். இதுதான் என் மனசுக்குள் ஓடியது. வெளியே சொல்ல முடியாத குற்றத்தை நான் காவலாக மாற்றிக்கொண்டேன். பாடசாலை விட்டதும் ஓடிவருவேன். சாப்பாடு ஊட்டுவது, முகம் துடைப்பது, கட்டிலருகே பாத்திரம் வைப்பது எல்லாம் நானே. “ஜன்னல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வர்றேன் மாஸ்டர், தெருவுல என்னென்னு” என்று கெஞ்சுவார். “தெருவுல ஒண்ணுமில்ல, படுங்க” என்பேன். அக்கா ஒருநாள், “தம்பி, எழும்பி உட்காரவாவது விடேன்டா” என்றாள். அவளிடம் சுள்ளென்று விழுந்தேன். “உனக்கு என்ன தெரியும்? நான் படிச்சிருக்கேன்.”

நடக்கத்தான் விடவில்லையே தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் விட்டேன். மெலிந்துவிட்டார் என்று ஆட்டுக்கால் சூப், நெய்யில் பொரித்த முட்டை, மூளைப் பொரியல். “பாவம், மனுஷன் படுத்தே கிடக்குறார், இதுகூட இல்லாம எப்படி?” என்று சிகரட்டும் நானே வாங்கிக் கொடுத்தேன். பற்றவைத்துக் கொடுத்ததும் நான்தான்.

பிறகு, பார்க்க வருகிறவர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் ஊரே வந்து பார்ப்பது வழக்கம். குளுக்கோஸ் பக்கெட்டோ பிஸ்கட்டோ கொண்டுவருவார்கள். உட்கார இடம் வேண்டுமே என்று அக்கம்பக்கத்தில் கதிரைகள் இரவல் வாங்கிச் சுவரோரமாக வரிசையாகப் போட்டேன். வருகிறவர்களுக்கு ஏதாவது நீட்ட வேண்டுமே என்று அக்காவின் அதே பித்தளைத் தட்டத்தில் வெற்றிலையும் பாக்கும் சிகரட்டும் அடுக்கி நடு மேசையில் வைத்தேன். ஆண்கள் சுற்றி உட்கார்ந்து ஊதித் தள்ளுவார்கள். நடுவில் வெள்ளைச் சீலை போர்த்திய மச்சான் படுத்திருப்பார். அவர் தலைக்கு மேலால் பேச்சு ஓடும்.

“என் சித்தப்பாவுக்கும் இதேதான். நல்லா பேசிக்கிட்டு இருந்தார். தண்ணி கேட்டார். கொண்டாந்து பார்த்தா ஆளு இல்ல.”

“சித்தப்பாவாவது தண்ணி கேட்டார். எங்க கங்காணி ஐயா கேக்கவே இல்ல.”

முதலில் மச்சான் இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “அப்ப நான் தண்ணியே கேக்க மாட்டேன்” என்பார். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கினார். சாப்பாட்டுக் கோப்பையில் பாதி அப்படியே நிற்கும். தொடை வற்றி, கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். ஒரு நாள் நான் சிகரட்டைப் பற்றவைத்து நீட்டினேன்.

“வேண்டாம் தம்பி” என்றார்.

அக்காவைக் கட்டிய நாள் முதல் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே கிடையாது.

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். சகுனம் பார்த்துச் சம்பந்தத்தை முறிக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து மச்சானைப் பார்த்துவிட்டு, என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, “மூச்சு இருக்கிறப்பவே தாலியக் கட்டிருவோம். கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மணையப் போட்டா போதும்” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்காவிடம் சொன்னேன், அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அதிர்ந்து பேசாத பெண் அவள். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்.

“அப்பா தட்டத் தூக்கிட்டுப் போனாரு. பாதியில நின்னுருச்சு. அவரே நடந்து போய் அதைக் குடுத்துட்டு வரட்டும். அதுக்கப்புறம் எனக்குக் கல்யாணம். இல்லாட்டி வேண்டாம் மாமா.”

“அப்பா இனி நடக்க மாட்டார்” என்று என் வாயாலேயே சொன்னேன். மெல்லத்தான் சொன்னேன். ஆனால் முன்னறை பக்கத்தில்தானே இருந்தது. அவர் கேட்டிருப்பார் என்று இன்று வரைக்கும் நினைக்கிறேன்.

அந்தக் கிழமை அவருடைய ஒரு கால் வீங்கியது. தொட்டால் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புதிதாக வந்திருந்த பெண் டொக்டர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயது குறைந்தவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் கூட்டம். அவர் வாசற்படியில் ஏறினார். சுவரோரம் வரிசையாகப் போட்ட கதிரைகளைப் பார்த்தார். தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். நடு மேசையில் வெற்றிலையும் சிகரட்டும் அடுக்கிய தட்டத்தைப் பார்த்தார். மூலையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். நடுவில், வெள்ளைச் சீலைக்குக் கீழே கண்ணை மூடிக் கிடந்த மச்சானைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

“பிந்திப் போனன் போல கிடக்கு. எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?”

சத்தியமாக அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அது செத்த வீடு என்றே நினைத்துவிட்டார். கதிரையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது வெள்ளைச் சீலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“மாஸ்டர் எல்லா ஏற்பாடும் செஞ்சிட்டார் டொக்டரம்மா. நான்தான் இன்னும் வேலையக் காட்டல.”

யாரோ ஒருவர் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லோரும். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். டொக்டருக்கு முகம் சிவந்துவிட்டது, அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அந்த அறையை அந்த டொக்டரின் கண்ணால் பார்த்தேன். உயிரோடு இருக்கிற மனிதனுக்கு நானே என் கையால் செத்த வீடு நடத்திக்கொண்டிருந்தேன்.

டொக்டர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லி ஜன்னல்களைத் திறந்தார். காலை அழுத்திப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“ஆறு கிழமை எப்பவோ முடிஞ்சு போச்சு. பிறகும் ஏன் இவரைக் கட்டில்ல போட்டு வைச்சிருக்கிறியள்? ஆர் சொன்னது?”

“நான்தான்.”

“நீங்கள் டொக்டரோ?”

“இல்லை. விஞ்ஞான ஆசிரியர்.”

“அப்ப அது இன்னும் மோசம்” என்றார்.

ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கினார். “இதயத்துக்கும் இரத்தம் வேணும். அதுக்கு இரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்டு அடைபட்டு, அந்த இடத்துச் சதை செத்துப் போச்சு. அந்தக் காயம் ஆறத்தான் படுக்கச் சொன்னது. அது ஆறிட்டுது. இனி மிச்சச் சதைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வேலை குடுக்கோணும். அசையாமல் கிடந்தால் காலில இரத்தம் கட்டிப் போகும். இப்ப நடந்திருக்கிறது அதுதான். அந்தக் கட்டி ஓடிப்போய்ச் சுவாசப்பையில அடைச்சிருந்தால், நான் கேட்ட கேள்வி சரியாத்தான் இருந்திருக்கும்.” தட்டத்தைப் பார்த்தார். “நடந்தால் செத்துப் போவார் எண்டு கட்டி வைச்சிருக்கிறியள். குழாயை அடைக்கிற சாமானை நீங்களே நெருப்பு வைச்சுக் குடுக்கிறியள். நெய்யும் மூளையும் வேற. உங்களுக்கு இவரோட என்ன கோபம்?”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அக்காவும் மகளும் நிற்க, எல்லாவற்றையும் சொன்னேன். மதகில் அவர் நின்றதை, அம்மி வைத்த மாதிரி என்று சொன்னதை, திரும்புவோம் என்று கேட்டதை, நான் சகுனம் பேசி மேடேற்றியதை, பஸ்ஸில்தான் வலி வந்தது என்று பொய் சொன்னதை. சொல்லி முடித்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை.

டொக்டர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். பிறகு சொன்னார். “அண்டைக்கு நோவோட நடந்தது பிழை. அந்த இடத்திலேயே இருத்தி, ஒரு வாகனத்தைப் பிடிச்சிருக்கோணும். இண்டைக்கு நோவு இல்லாமல் படுத்திருக்கிறதும் பிழை. ஒரு பிழையை மாத்தப் போய் மற்றதைச் செய்திருக்கிறியள்.”

கட்டிலில் இருந்து மச்சான் தொண்டையைக் கனைத்தார். “தான் சொன்னதாலதான் நான் மேட்டுல ஏறினேன்னு மாஸ்டர் நெனச்சிக்கிட்டு இருக்காரா? நான் எப்பங்க இவர் பேச்சக் கேட்டேன்? என் மகள் காரியம், நான் ஏறினேன்.” அக்காவிடம் திரும்பி, “அவன அப்படிப் பார்க்காத. முகம் ஏற்கனவே பார்க்கிற மாதிரி இல்ல” என்றார்.

அவர் மன்னித்துவிட்டார். அதனால் என் குற்றம் குறைந்துவிடவில்லை. ஆனால் “மாஸ்டர்” என்று அவர் மறுபடி சொன்னபோது, எத்தனையோ நாளாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று எனக்குள் திறந்துகொண்டது.

அன்றே மச்சானை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். கால் வீக்கம் வடிந்தது. அவர் திரும்பி வருவதற்குள் நான் இரவல் கதிரைகளைத் திருப்பிக் கொடுத்து, கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். தட்டத்தை அக்கா பேசாமல் எடுத்துப்போய்ப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள். என்னோடு அவள் பேச இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது.

நடை தொடங்கியது. முதலில் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும். வற்றிப்போன கால்கள் நடுங்கின. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று தெருவைப் பார்த்தவர், “மாஸ்டர், தெருவுல ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. இங்க ஒரு ஊரே இருக்கே!” என்றார். பிறகு கிணற்றடி வரைக்கும். பிறகு வேலி வரைக்கும். டொக்டர் எங்களுக்குச் சுலபமான ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். நடக்கும்போது பேச முடிந்தால் நடக்கலாம். பேச மூச்சுப் போதவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். நெஞ்சில் பாரம் தெரிந்தால் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும், எந்த நல்ல காரியமானாலும் சரி.

சிகரட்தான் நடையைவிடக் கஷ்டமாக இருந்தது. தோற்றார், மறுபடி விட்டார், மறுபடி தோற்றார். ஒருநாள் மகள் அவர் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து அவர் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டாள். அவர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. மறுநாளிலிருந்து கராம்பு மெல்லத் தொடங்கினார். “மிளகு வியாபாரிக்கு இதுவும் நம்ம சரக்குதானே” என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது? வராதே என்று சொல்ல முடியாது. அக்காதான் ஒரு சட்டம் போட்டாள். உட்காரக் கதிரை இல்லை, நீட்டத் தட்டம் இல்லை. மச்சானைப் பார்க்க வந்தவர் அவரோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வர வேண்டும், வந்தால் தேத்தண்ணி. ஊருக்கு முதலில் இது கோபமாக இருந்தது. பிறகு பிடித்துப் போயிற்று. வெயில் தாழ்ந்ததும் மச்சான் நடுவில் நடப்பார், முன்னும் பின்னும் ஏழெட்டுப் பேர். சித்தப்பா கதை சொன்னவர் முதல் நாளே மூச்சு வாங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “பேச முடியலையா? அப்ப நில்லுங்க, இது டொக்டரம்மா உத்தரவு” என்று மச்சான் அவரைத் தாண்டிப் போனார். தெருவில் ஒருவர், “என்னங்க ஊர்வலம், யாரு எலக்‌ஷன் கேக்குறது?” என்று கேட்டார். “நான்தான். எதிர்த்துப் போட்டி போட்டவர் எமன். கட்டுப்பணம் போச்சு அவருக்கு” என்றார் மச்சான்.

மதகு வரைக்கும் மட்டும் நாங்கள் போகவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கடைசியில் அந்த நாளும் வந்தது. டொக்டர் சோதித்துப் பார்த்து, மெதுவாக ஏறலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா மறுபடி அதே தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் அடுக்கி வெள்ளைத் துணி போர்த்தினாள். இந்த முறை என் கையில் கொடுத்தாள். “பாரத்த நீ தூக்கு. அவர் வெறுங்கையோட வரட்டும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

இறங்கி மதகுக்கு வந்தோம். மச்சான் நின்றார். நான் தட்டத்தோடு அவர் பக்கம் திரும்பினேன்.

“நெஞ்சு வலிக்குதா மச்சான்? திரும்புவமா?”

“வலி இல்ல. மேட்டுக்கு முன்னால ஒரு நிமிஷம் நிக்கச் சொன்னாங்கல்ல, அதான் நிக்கிறேன். நீங்களும் நில்லுங்க.” மதகின் பக்கச்சுவரில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் திரும்புவோம்னா திரும்புவீங்களா மாஸ்டர்?”

“இந்த இடத்திலேயே திரும்புவேன். நல்ல நேரம் போனாலும் சரி.”

“அப்ப சரி. போவோம்” என்று எழுந்தார்.

மேடு ஏறத் தொடங்கினார். கூடவே பேச்சும் தொடங்கியது. தட்டம் தூக்கத் தெரியவில்லை என்றார். என் நடை சம்பந்தம் பேசப் போகிறவன் நடை மாதிரி இல்லை, கடனைக் கேட்கப் போகிறவன் நடை மாதிரி இருக்கிறது என்றார். மகளுக்கு அடுத்ததாக எனக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும், ஆனால் எந்தப் பெண் வீட்டாருக்கு அந்தப் பாவத்தைச் செய்வது என்று தெரியவில்லை என்றார். குடை கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். மேட்டின் அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை, ஒரு மூச்சு குறையவில்லை. பஸ்ஸுக்கு நின்ற சனங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தட்டத்தை ஏந்திக்கொண்டு கண்ணீரைத் துடைக்க முடியாமல் நான் சிரித்துக்கொண்டே ஏறினேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கேவலப்படுத்தியதில்லை. நானும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

யட்டவத்தையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் அவர் தட்டத்தை என்னிடமிருந்து வாங்கி, தன் இரண்டு கையாலும் நீட்டினார். மணையைக் கட்டில் பக்கத்தில் போடச் சொன்ன அந்தப் பெரியவர் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். பாதி வழியில் திரும்பிய சம்பந்தம் அது. அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக வாழ்ந்தார்கள், இன்றும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். மச்சான் அவளுடைய பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார். எனக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்துவிட்டு, அவளிடம் வருஷக்கணக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். முதுமையில், வேறு நோயில், தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெண் டொக்டரும் மாற்றலாகிப் போனவர்தான், அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது அன்றைய மச்சானைவிட எவ்வளவோ வயது கூட. பஸ்ஸிலோ கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது நெஞ்சில் கை வைத்து ஒரு கணம் நின்றால், நான் வாயு என்று சொல்வதில்லை, நேரம் பார்ப்பதில்லை. அவரை அங்கேயே உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடிக்க ஆளை அனுப்பிவிடுகிறேன். சில நேரம் அது வெறும் வாயுவாகவே இருந்து, சுற்றி நிற்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம், அந்த மேட்டில் தடுக்காமல் ஏறிவந்த ஒரு குரல் எனக்கு மறுபடி கேட்கிறது, அன்று மதகடியில் நான் திருப்பாத மனிதனை இன்று ஒருமுறை திருப்பிக்கொண்டு வந்த நிம்மதியோடு வீட்டுக்கு நடக்கிறேன்.